வழியும் இலக்கும்: துருக்கியின் ஐரோப்பிய ஒன்றிய விண்ணப்பம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்புரிமை பெறத் துருக்கி தொடர்ந்து முயல வேண்டுமா என்னும் வினா, முஸ்லிம் உலகில் பெரும்பாலும் உணர்ச்சியின் அடிப்படையிலேயே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. ‘கிறித்தவ நாடுகளின் வாயிலில் ஏன் காத்து நிற்க வேண்டும்?’ என்பது ஒரு சாராரின் கேள்வி. ‘முன்னேற்றத்திற்கு ஐரோப்பாவை விட்டால் வேறு வழியில்லை’ என்பது மறுசாராரின் விடை. சட்டக்கலை அறிஞர்கள் ‘மக்ஸத்’ எனப்படும் இலக்கையும் ‘வஸீலா’ எனப்படும் வழியையும் பிரித்தறிந்த பின்னரே ஒரு செயலை எடைபோடுவர். இவ்வினாவையும் அவ்வாறே அணுகுவது நலம் எனக் கருதுகிறோம்.

நீண்ட காத்திருப்பு

துருக்கியின் முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணை உறுப்புரிமை கோரி அது 1959இல் விண்ணப்பித்தது. 1963 செப்டம்பரில் கையெழுத்தான அங்காரா உடன்படிக்கை, பிற்காலத்தில் முழு உறுப்புரிமை பெறும் வாய்ப்பை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. பிரதமர் துர்குத் ஓசாலின் காலத்தில், 1987 ஏப்ரலில், முழு உறுப்புரிமைக்கான விண்ணப்பம் அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் விண்ணப்பித்த மொராக்கோ ‘ஐரோப்பிய நாடு அன்று’ என மறுக்கப்பட்டது. துருக்கிக்கு அந்த விடை அளிக்கப்படவில்லை என்பது கவனிக்கத் தக்கது. 1999இல் ஹெல்சிங்கி மாநாடு அதனை வேட்பாளர் நாடாக ஏற்றது. 2005 அக்டோபர் 3 அன்று பேச்சுவார்த்தை தொடங்கியது.

அதே நாளில் பேச்சுவார்த்தையைத் தொடங்கிய குரோஷியா 2013இல் உறுப்பு நாடாகிவிட்டது. துருக்கிக்கோ, 35 இயல்களுள் 16 மட்டுமே திறக்கப்பட்டன. அறிவியலும் ஆராய்ச்சியும் என்னும் ஒன்று மட்டுமே தற்காலிகமாக முடிக்கப்பட்டது. பேச்சுவார்த்தை நடைமுறையில் நின்றுபோய்விட்டதாக ஒன்றியத்தின் அமைச்சர் மன்றம் 2018இல் அறிவித்தது.

தடைகள் எங்கே?

பழி ஒரு தரப்பினுடையது மட்டும் அன்று. சைப்ரஸ் தீவை ஒன்றிணைக்க ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் முன்வைத்த திட்டத்தை 2004 ஏப்ரலில் துருக்கிய சைப்ரஸ் மக்களுள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஏற்றனர். கிரேக்க சைப்ரஸ் மக்களுள் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் மறுத்தனர். எனினும், மறுத்த தரப்பின் அரசே அடுத்த வாரம் ஒன்றியத்தில் உறுப்புரிமை பெற்றது. சைப்ரஸ் கப்பல்களுக்குத் துறைமுகங்களைத் திறக்கவில்லை என்பதற்காக 2006இல் துருக்கியின் எட்டு இயல்கள் முடக்கப்பட்டன. பிரான்சின் அதிபர் சார்க்கோசியும் ஜெர்மனியின் அங்கேலா மெர்க்கலும் முழு உறுப்புரிமையை வெளிப்படையாக எதிர்த்தனர்.

மறுபுறம், 2016 ஜூலையில் நடந்த இராணுவப் புரட்சி முயற்சிக்குப் பின்னர், நெருக்கடி நிலையின்கீழ் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட அரசுப் பணியாளர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இதழாளர் பலர் சிறை சென்றனர். இவற்றை ஐரோப்பாவின் தப்பெண்ணம் என்று மட்டும் கூறி ஒதுக்குவது நேர்மை ஆகாது.

விலகினால் என்ன மிஞ்சும்?

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதே தன்மானம் என்போர், துருக்கி ஏற்கெனவே பாதி உள்ளே இருக்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர். 1996 ஜனவரி முதல் அது ஒன்றியத்துடன் சுங்க ஒன்றியத்தில் இணைந்துள்ளது. அதன்படி, தொழிற்பொருள்களுக்கு ஒன்றியம் வகுக்கும் பொதுச் சுங்க வரியையே துருக்கியும் கடைப்பிடிக்க வேண்டும். அவ்வரியை முடிவு செய்யும் அவையில் அதற்கு இருக்கை இல்லை. மெக்சிகோ போன்ற ஒரு நாட்டுடன் ஒன்றியம் வணிக ஒப்பந்தம் செய்தால், அந்நாட்டுச் சரக்கு ஒன்றியத்தின் வழியே துருக்கிச் சந்தைக்குள் வரியின்றி நுழைய வழி உண்டாகிறது. துருக்கிச் சரக்குக்கு அந்நாட்டில் அச்சலுகை தானாகக் கிடைப்பதில்லை. சரக்கு வரியின்றி எல்லையைக் கடக்கிறது. அதனை ஏற்றிச் செல்லும் துருக்கிய ஓட்டுநரோ விசாவுக்குக் காத்திருக்கிறார்.

துருக்கியின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஒன்றிய நாடுகளுக்கே செல்வதால், இப்பிணைப்பை அறுப்பது எளிதன்று. எனவே, உறுப்புரிமைக் கோரிக்கையை மட்டும் கைவிட்டால் விதிகளுக்குக் கட்டுப்படும் கடமை எஞ்சும்; விதிகளை வகுப்பதில் பங்கேற்கும் உரிமைக்கான கோரிக்கை மறையும்.

இலக்கு எது?

ஒரு காலத்தில் நஜ்முத்தீன் அர்பகான் ஐரோப்பிய இணைப்பை உறுதியாக எதிர்த்தார். மாற்றாக 1997இல் எட்டு முஸ்லிம் நாடுகளின் டி-8 அமைப்பை இஸ்தான்பூலில் நிறுவினார். அவ்வமைப்பு ஐரோப்பியச் சந்தைக்கு ஈடாக வளரவில்லை. அவரிடம் அரசியல் பயின்றவர்களே பின்னர் ஆட்சிக்கு வந்து ஐரோப்பியச் சீர்திருத்தங்களை விரைவுபடுத்தினர். மரண தண்டனை 2004இல் முற்றாக ஒழிந்தது. அரசுப் பாதுகாப்பு நீதிமன்றங்கள் கலைக்கப்பட்டன. குர்து மொழி ஒலிபரப்புக்கு வழி பிறந்தது. இந்நன்மைகள் ஐரோப்பாவுக்குச் செலுத்திய காணிக்கை அல்ல. துருக்கிக் குடிமக்களுக்கு உரியவை.

அதே வேளையில், ஐரோப்பா எல்லா உரிமைகளையும் தந்துவிடும் என எண்ணுவதும் பிழை. ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பாகிய ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பல்கலைக்கழகத்தில் தலைமுக்காடு அணிவதற்கு இருந்த தடையை 2005இல் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அத்தடை 2010க்குப் பின் நீங்கியது துருக்கியின் உள்நாட்டு அரசியல் மாற்றத்தினாலேயே ஆகும்.

ஆகவே, உறுப்புரிமை வழியே அன்றி இலக்கு அன்று. நீதியான ஆட்சியும் மக்களின் நல்வாழ்வுமே இலக்கு. துருக்கி தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறத் தேவையில்லை. சுங்க ஒன்றியத்தைச் சமன்செய்யக் கோருவதில் தளரவும் கூடாது. ஒன்றியமும் தான் செய்த ஒப்பந்தத்திற்கு உண்மையாக நடந்து, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டது. ஆனால், நீதிமன்றங்களின் சுதந்திரத்தையும் எழுதுகோலின் உரிமையையும் மீட்பதற்கு அந்த விடை வரும்வரை துருக்கி காத்திருக்க வேண்டியதில்லை. வாயில் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அவை அம்மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடனாகவே நிற்கும்.