கடுப்பை மறைக்காதீர்கள்

இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் பலர் வாய்விட்டுச் சொல்லாத கஷ்டம் என்பதால் எழுதுகிறேன்.

"வர்ற மாதிரியே இருக்கு, போய் உட்கார்ந்தா ஒண்ணும் வர்றதில்லே. எழுந்து வந்தா மறுபடியும் அதேதான்" என்பார்கள். நம் பெரியவர்கள் இதைக் கடுப்பு என்பார்கள். (இப்போது பிள்ளைகள் எடுத்ததற்கெல்லாம் 'கடுப்பா இருக்கு' என்கிறார்கள். நிஜக் கடுப்பு வந்தவர்களைக் கேட்டால் தெரியும்!)

என் மூத்த ஓரகத்திக்கு ஆறு மாதமாக இந்த அவஸ்தை. மூலம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். கடையில் பேதி மாத்திரை, வீட்டில் விளக்கெண்ணெய். வயிறு கழுவிவிட்ட மாதிரி ஆனபிறகும் அந்த உணர்வு மட்டும் போகவில்லை. சளியோடு ரத்தமும் பட்டது. ஆம்பிளை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று அதையும் மறைத்தார். உடம்பு பாதியாக இளைத்த பிறகுதான் என்னிடம் அழுதார். மறுநாளே ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா விளக்கியது இதுதான். மலக்குடலின் சுவரில் நரம்புகள் உண்டு. மலம் வந்து சேர்ந்து சுவர் விரிந்தால் 'போக வேண்டும்' என்று அவை மூளைக்குச் சொல்லும். அந்தச் சுவரே புண்ணாகி வீங்கினால், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே சேதியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். "காலி வயித்துக்குப் பேதி மருந்து குடிச்சா புண்ணுதாம்மா அதிகமாகும்" என்றார். சீதபேதி, மூலம், குடல் புண், கட்டி என்று காரணம் பல. வெறும் மலச்சிக்கலிலும் வரும். காய்ந்த கட்டி அடைத்துக்கொண்டு நிற்க, அதைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். அதைப் பேதி என்று நினைத்து, நிறுத்துவதற்கு மாத்திரை போட்டால் இன்னும் இறுகிவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, மலக்குடலில் புண் மட்டும்தான். மாத்திரையும், பின்வழியாக வைக்கும் மருந்தும் கொடுத்தார்கள். நாள்பட எடுக்க வேண்டுமாம். இப்போது பரவாயில்லை.

ரத்தம், காரணமில்லாத இளைப்பு, காய்ச்சல், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் கடுப்பு, இதில் எது இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது. நாற்பது தாண்டியவர்கள் 'மூலம்தான்' என்று தாங்களே தீர்ப்புச் சொல்லவே கூடாது. டாக்டர் கையுறை போட்டு விரலால் பரிசோதிப்பது ஒரு நிமிஷ வேலை. பெண் டாக்டர் வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம்.

அக்காவின் புண்ணுக்கு உப்பளம் காரணமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் மலச்சிக்கலால் வரும் கடுப்புக்கு இங்கே குறைவே இல்லை. விடியுமுன் அளத்துக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தான். மறைவுக்கு ஒரு முள்செடி கிடையாது. ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள், பெண்கள் அடக்குவார்கள். ஒதுங்க வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. அடக்க அடக்க, மலத்திலுள்ள ஈரத்தைக் குடல் உறிஞ்சிக் கல்லாக்கிவிடும். தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் செய்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. பத்தில் ஒன்பது பேர் தாங்கக்கூடிய அளவுக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்வதாகவும், சிலருக்குச் சிறுநீரகமே பழுதாகத் தொடங்கியிருப்பதாகவும் அதில் இருந்தது.

அக்கா இப்போது இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோகிறார். கொண்டுபோய் என்ன? அவர் போகும் அளத்தில் இன்னும் கக்கூஸ் இல்லை. நாலு தகர ஷீட்டும் ஒரு குழியும் போட அளக்காரர்களுக்கு எத்தனை மூட்டை உப்பு செலவாகிவிடும்?

- ஒரு வாசகி, மரக்காணம்.