இருபடி விதிகளும் கோசுல் இயற்கணிதமும்

க, ச என்ற இரண்டு மாறிகளை எடுத்துக்கொள்வோம். கச = சக என்பது பள்ளியிலேயே நாம் ஏற்ற விதி. இவற்றிலிருந்து ஒருபடிப் பெருக்கங்கள் 2, இருபடியில் 3 (க², கச, ச²), முப்படியில் 4 கிடைக்கும். இவற்றைக் கெழுக்களாகக் கொண்ட 1 + 2த + 3த² + 4த³ + ... என்பதே ஹில்பர்ட் தொடர்.

இனி விதியைத் தலைகீழாக்குவோம்: கச = −சக, க² = 0, ச² = 0. மிஞ்சுபவை 1, க, ச, கச மட்டுமே. தொடர் 1 + 2த + த². இதில் த-வுக்குப் பதில் −த இட்டு முதல் தொடரோடு பெருக்கினால் விடை 1! (பேனாவை எடுத்துப் பெருக்கிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.)

இது தற்செயலன்று. இருபடி விதிகளாலான ஒவ்வோர் இயற்கணிதத்திற்கும் இத்தகைய இணை ஒன்று உண்டு. மாறிகளுக்கிடையே உள்ள உறவுகள், அவ்வுறவுகளுக்கிடையே உள்ள உறவுகள் என்று அடுக்கடுக்காக இறங்கும்போது, கெழுக்கள் எங்கும் ஒருபடியாகவே அமைந்தால் அது கோசுல் இயற்கணிதம். அப்போது பெருக்கல் விடை 1 ஆகியே தீரும். இக்கருத்தை 1970இல் வகுத்தவர் ஸ்டூவர்ட் பிரிடி. பெயரோ பிரெஞ்சுக் கணித அறிஞர் ழான் லூயி கோசுலுடையது (1921–2018).

எல்லா இருபடி விதிகளும் இப்படி நடந்துகொள்ளுமா? நான்கு மாறிகளில், தனிச்சிறப்பு எதுவுமில்லாத ஐந்து இருபடிக் கோவைகளைச் சுழியாக்குவோம். தொடர் 1 + 4த + 5த² என்று நின்றுவிடுகிறது. இது கோசுலானால் இணையின் எண்ணிக்கைகள் 1, 4, 11, 24, 41, 44 என்று வளர்ந்து, அடுத்து −29 ஆக வேண்டும். எண்ணிக்கை எதிர்மறையாகுமா? ஆகாது, எனவே இது கோசுல் அன்று. ஆனால் எதிர்மறை எண் தோன்றவில்லை என்பதாலேயே ஓர் இயற்கணிதம் கோசுல் என்று முடிவு கட்டிவிட முடியாது.