உப்புக் காற்றும் அலைக்கற்றைத் திரையும்

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்கத் தொடங்கிய மாண்டஸ் புயல், மறுநாள் அதிகாலையில்தான் முழுவதுமாகக் கரையேறியது. கோவளம் தொடங்கிக் கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுக் கழிமுகம் வரையிலான செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைப் பகுதிக்குப் புயல் புதிதல்ல. புயல் வந்தால் முதலில் மின்சாரம் நிற்கும். சில மணி நேரத்தில் செல்போன் கோபுரங்களின் பேட்டரியும் தீரத் தொடங்கும். அந்த நேரத்துக்குத்தான் உரிமம் பெற்ற ஆர்வலர்கள் நடத்தும் ஹாம் ரேடியோ என்று ஒவ்வொரு புயலின்போதும் பேசுகிறோம். ஆனால் பேச்செல்லாம் அனுப்புவதைப் பற்றியே இருக்கிறது: எத்தனை வாட், எவ்வளவு உயரத்தில் ஆன்டெனா, எந்த பேட்டரி. கேட்பதைப் பற்றிய பேச்சு குறைவு. ஏதோ ஒரு குப்பத்திலிருந்து மெலிதாக ஒரு குரல் எழுகிறது; நாம் காது வைத்திருக்கும் இடத்துக்கு மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளி எழுகிறது. அதை யார் பிடிப்பது? இந்தக் கரையின் ஹாம் நிலையங்களுக்கு பட்டை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் அலைக்கற்றைத் திரை ஓர் ஆடம்பரம் அல்ல, பேட்டரியைப் போலவே அவசியமான கருவி என்று நான் வாதிடுவது இந்தக் கேள்வியால்தான்.

சின்னக் கணக்கு ஒன்று. நம் நாட்டு ஹாம்கள் அதிகம் புழங்கும் 40 மீட்டர் பட்டை 7000 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 7200இல் முடிகிறது. பேச்சுக்கு வைத்திருக்கும் ரிசீவர் ஒரு நேரத்தில் கேட்பது ஏறக்குறைய இரண்டரை கிலோஹெர்ட்ஸ். ஆக, எண்பது வாசல் உள்ள தெருவில் ஒரே ஒரு வாசலில் நின்றுகொண்டு தெரு முழுக்கக் காவல் காப்பதாக நினைக்கிறோம். குமிழைத் திருகி வாசலுக்கு மூன்று நொடி நின்றாலும் ஒரு சுற்று முடிய நான்கு நிமிடம் ஆகும். பத்து நொடி கூப்பிட்டுவிட்டுப் பதில் கேட்க மௌனமாகிவிடும் ஒருவரை அந்தச் சுற்று பெரும்பாலும் தவறவிடும். பல நிலையங்கள் ஓரிடத்தில் கூடிப் பேசும் அவசர நெட்டுக்கு அலைவரிசையை முன்கூட்டியே குறித்துவைத்திருப்பார்களே என்று கேட்கலாம். குறித்திருப்பார்கள்தான். ஆனால் கூப்பிடுபவரின் ரிக் (வானொலிப் பெட்டி) வீட்டில் கட்டியதாக இருந்தால் சூடேறச் சூடேற அலைவரிசை நகரும். குறித்த இடத்தை வேறு யாராவது பிடித்திருந்தால் அவர் பக்கத்தில் ஒதுங்குவார். நெட் நடத்துபவரின் குரலே அவருக்குக் கேட்காமல் இருக்கலாம். அப்போது எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. பட்டை முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டும் திரையில் இந்த மூன்று நிலையிலும் அவர் ஒரு கீற்றாகத் தெரிவார்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இந்தத் திரையெல்லாம் இருந்ததா என்பது எதிர்ப்பவர்களின் வலுவான கேள்வி. அந்தமானுக்கு ஹாம் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத், வி.யூ.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியீட்டில் போர்ட் பிளேரிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். அலை அடித்ததும் அந்த நிலையத்தையே அவசரச் செய்தி நிலையமாக மாற்றினார். அன்று அவர் செய்தது எந்தத் திரையையும் விடப் பெரியது. ஆனால் அந்த நிகழ்வை வாதத்துக்கு எடுக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தமானிலிருந்து பல ஆண்டுகளாக ஹாம் ஒலிபரப்பே இல்லாததால், உலகெங்கும் ஹாம்கள் அந்தக் குறியீட்டைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர் எந்த அலைவரிசையில் பேசினாலும் பிடிக்க ஆயிரக்கணக்கான காதுகள் காத்திருந்தன. அதே சுனாமி கல்பாக்கம் குடியிருப்பிலும் உயிர்களைக் கொண்டுபோனது. அதன் அருகே கொக்கிலமேட்டிலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ ஒருவர் கூப்பிட்டால் அப்படி யாரும் காத்திருக்க மாட்டார்கள். கேட்கும் பக்கம்தான் தேடிப் போக வேண்டும்.

திரையின் வேலை என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிடைமட்டத்தில் அலைவரிசை, செங்குத்தில் வலிமை. அதன் கீழே ஒவ்வொரு நொடியின் படமும் ஒரு வரியாகக் கீழிறங்கிக்கொண்டே போகும். ஹாம்கள் அதை வாட்டர்ஃபால் என்கிறார்கள். வலிமைக்கு நிறம், காலத்துக்கு உயரம். கருத்து பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ரிசீவரோடு சேர்த்து வைக்கும் பனோரமிக் அடாப்டர்கள் இருந்தன. இத்தகைய திரைக்குப் பானடாப்டர் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஒரே நேரத்தில் முழுப் பட்டையையும் கணக்கிட்டுக் காட்டும் வேலை எளிதானது, 1965இல் கூலியும் டியூக்கியும் வெளியிட்ட வேக ஃபூரியர் கணக்குமுறைக்குப் பிறகு. அந்தக் கணக்கைச் செய்யும் சில்லு மலிவாக மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2012இல் டி.வி. பார்க்க விற்ற சிறு யு.எஸ்.பி. டாங்கிளையே ரிசீவராக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். 2016இல் ஐகாம் நிறுவனம் ஐ.சி.-7300 என்ற நடுத்தர விலை ரிக்கிலேயே திரையை வைத்துக் கொடுத்தது. நம் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. கையில் கிடைக்கும் பாகங்களில் கட்டக்கூடிய பிட்எக்ஸ் ரிக்கை உலகுக்குக் கொடுத்த ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான், பின்னர் ராஸ்பெரி பை கணினியை உள்ளே வைத்து, வாட்டர்ஃபால் திரையோடு எஸ்பிட்எக்ஸை உருவாக்கினார். வடிவமைப்பைத் திறந்தே வைத்திருக்கிறார். சோல்டரிங் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் நுழையக்கூடிய இடம் இது என்பதால், வாங்கும் ரிக்கைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தக் கடற்கரைக்கென்றே ஒரு காரணம் உண்டு: உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிற்கும் மின்கம்பங்களின் பீங்கான்கள் மேல் கடல்காற்று உப்பைப் படியவைத்துக்கொண்டே இருக்கிறது. காய்ந்த உப்பு பெரிய தொல்லை தராது. தை, மாசிப் பனி அதை ஈரமாக்கும்போது பீங்கானின் மேல்பரப்பில் மின்சாரம் கசியும். கசிவின் சூட்டில் ஆங்காங்கே காய்ந்த இடங்களில் பொறி பறக்கும். நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று; அரைச்சுற்றுக்கு ஒரு முறையாக நொடிக்கு நூறு முறை அந்தப் பொறி வெடித்து, பட்டை முழுக்கக் கரகரப்பை வீசும். பெருமழை உப்பைக் கழுவிவிட்டால் சில நாட்கள் நிம்மதி. இதோடு விடுதிகளின் எல்.இ.டி. விளக்குகளும் சோலார் இன்வெர்ட்டர்களும் சேர்கின்றன. காதுக்கு எல்லாமே இரைச்சல்தான். சமிக்ஞையின் வலிமை காட்டும் எஸ்-மீட்டரின் முள் ஏறி நிற்கும், அவ்வளவே. திரையில் அவற்றை வேறுபடுத்தலாம். பீங்கான் பொறி திரையின் தரையை, அதாவது எங்கும் இருக்கும் அடிமட்ட இரைச்சலை, ஒட்டுமொத்தமாகத் தூக்கும். பனி காய்ந்ததும் இறங்கும். மட்டமான மின்வழங்கி சம இடைவெளியில் மேடுமேடாக நின்று, சூடேற ஏற நகரும். மாலை ஆறு மணிக்கு வந்து இரவு பதினொன்றுக்குப் போகும் மேடு எந்தக் கட்டடத்துடையது என்று கண்டுபிடிக்க அதிகம் அலைய வேண்டாம். இரைச்சல் பத்து டெசிபல் ஏறினால், எதிரில் நூறு வாட்டில் பேசுபவர் பத்து வாட்டுக்கு இறங்கிவிட்டதற்குச் சமம். கோடி வீட்டில் எரியும் ஒரு விளக்கு அடுத்தவரின் குரலில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்குகிறது என்றால், அதைத் தேடிப் பிடிப்பது பெரிய ஆன்டெனா கட்டுவதைவிடப் பயனுள்ள வேலை.

இதிலிருந்து வரும் ஒரு விளைவு பலர் கவனிக்காதது. புயலில் வட்டாரம் முழுக்க மின்சாரம் நின்றதும் இந்தச் செயற்கை இரைச்சலில் பெரும்பகுதி ஒரே நொடியில் அடங்கிவிடும். இருட்டில் மூழ்கிய ஊர், வானொலிக் காதுக்கு ஆண்டிலேயே மிக அமைதியான ஊர். மற்ற நாட்களில் இரைச்சலுக்கு அடியில் கிடந்த மெல்லிய குரல்கள் அப்போதுதான் மேலே வருகின்றன. கூடவே ஜெனரேட்டர்களும் இன்வெர்ட்டர்களும் புதிய மேடுகளை எழுப்பத் தொடங்கும். நேற்றுவரை எது எங்கே இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால்தான் இன்று புதிதாகத் தெரியும் கீற்று மனிதக் குரலா, மருத்துவமனை ஜெனரேட்டரா என்று சட்டென்று சொல்ல முடியும்.

பழைய ஹாம்கள் சொல்லும் ஆட்சேபம் வேறு: திரை வந்தபின் இளையவர்கள் காதை மூடிக்கொண்டார்கள், திரையில் பளிச்சென்று தெரிவதை மட்டும் தொட்டுப் பேசிவிட்டுப் போகிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. இரைச்சலுக்குள் பாதி விழுங்கப்பட்ட ஊர்ப்பெயரைத் திரை படித்துச் சொல்லாது. பதற்றத்தில் பேசுபவரிடம் நிதானமாகத் திரும்பக் கேட்டு வாங்கும் பழக்கத்தையும் அது தராது. ஆனால் அந்த ஆட்சேபம் கருவியின் மேல் அல்ல, பயிற்சியின் மேல். காது எங்கே இருக்க வேண்டும் என்று திரை சொல்கிறது. அங்கே போனபின் செய்ய வேண்டியதெல்லாம் காதின் வேலை. நெட் நடத்துபவர் குறித்த அலைவரிசையில் ஹெட்போனோடு இருக்க, பக்கத்தில் இன்னொருவர் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல ஏற்பாடு. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முயன்றால் கண்தான் ஜெயிக்கும் என்ற பழையவர்களின் அச்சம் நியாயமானதே.

இதைவிடக் கனமான ஆட்சேபம், திரை பொய் சொல்லும் என்பது. சொல்லத்தான் செய்கிறது. மலிவான டாங்கிள் எட்டு பிட் கருவி. 256 படிகளில் அளப்பதால், அதன் அளவுகோல் சுமார் ஐம்பது டெசிபலுக்குள் அடங்கும். 40 மீட்டரில் மிக மெலிந்த சமிக்ஞைக்கும் பக்கத்து ஊர் பலத்த சமிக்ஞைக்கும் இடையே எண்பது டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும். பலத்தது உள்ளே நுழைந்ததும் கருவி திணறி, இல்லாத கீற்றுகளைப் பட்டையெங்கும் வரைந்து காட்டும். பட்டைக்கு வெளியே உள்ளவற்றைத் தடுக்கும் ஒரு வடிகட்டி இல்லாமல் அதை நம்பக் கூடாது. எதிர்ப்புறப் பிழையும் உண்டு. திரை தன் பட்டையை ஐம்பது ஹெர்ட்ஸ் அளவுத் துண்டுகளாக நறுக்கிப் பார்ப்பதால், பேச்சு அகலத்தில் கேட்கும் காதைவிட ஒரு துண்டில் விழும் இரைச்சல் பதினேழு டெசிபல் குறைவு. அதனால் மோர்ஸ் போன்ற ஒடுங்கிய சமிக்ஞை காதுக்கு எட்டாமலே திரையில் கோடாகத் தெரியும். அகலமாகப் பரவும் பேச்சுக்கு அந்தச் சலுகை இல்லை. 2017இல் வந்த எஃப்.டி.8 என்ற எண்மச் செய்தி முறையில் திரையிலும் மங்கலாகத் தெரியும் சமிக்ஞையைக் கணினி படித்துவிடுகிறது. ஆகவே திரையில் எதுவும் இல்லை என்பதற்கு பட்டையில் யாரும் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. இந்தக் குறைகளை அறிந்தவர் கையில் திரை ஆபத்தில்லை. எஸ்-மீட்டரும் ஆளுக்கொரு அளவு காட்டும் கருவிதான். அதைத் தூக்கி எறியாமல் படிக்கத்தானே கற்றோம்.

பேட்டரி பற்றிய கவலைக்குக் கணக்கே பதில் சொல்லும். ஐ.சி.-7300 திரையோடு சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது எடுப்பது ஏறக்குறைய 0.9 ஆம்பியர், முழு நூறு வாட்டில் அனுப்பும்போது 21 ஆம்பியர் வரை. பேச்சின் ஏற்ற இறக்கத்தால் சராசரி இதைவிட நன்றாகவே குறையும் என்றாலும், பேட்டரியைத் தின்பது அனுப்புவதுதான். எங்கே ஆள் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுபவர், இருட்டில் பத்து முறை கூப்பிட்டுப் பார்ப்பவரைவிட மிச்சம் பிடிப்பார். தனிக் கணினியும் பெரிய மானிட்டரும் வைத்துக்கொண்டு புயல் இரவில் உட்காருவது மட்டும் சரிப்படாது. விலை பற்றிய கவலையை நான் அவ்வளவு எளிதாகத் தள்ள மாட்டேன். திரையுள்ள ஜப்பானிய ரிக் நம் நாட்டில் பலரின் பல மாதச் சம்பளம். அதனால்தான் டாங்கிளும் வடிகட்டியும், 40 மீட்டரை டாங்கிள் கேட்கும் உயரத்துக்குத் தூக்கித் தரும் கன்வெர்ட்டரும் சேர்ந்த சிறு பெட்டியைக் கல்லூரி ஆய்வகங்கள் கட்டித் தரலாம் என்கிறேன்.

அதற்கான ஆள் பலம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய எஸ்.ஆர்.எம்.சாட் செயற்கைக்கோள், 2011 அக்டோபர் 12 அன்று பி.எஸ்.எல்.வி.-சி18 ராக்கெட்டில் மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளோடு ஏறியது. பத்து கிலோ சொச்சம் எடை; சுமார் 867 கிலோமீட்டர் உயரம்; நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை சாய்ந்த பாதை. அந்தப் பாதையில் போகும் செயற்கைக்கோள் ஒன்று ஹாம் செயற்கைக்கோள்களுக்கு உரிய 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசினால், நெருங்கும்போது அதன் அலைவரிசை சுமார் ஒன்பது கிலோஹெர்ட்ஸ் ஏறியும், விலகும்போது அதே அளவு இறங்கியும் கேட்கும். குமிழைத் திருகித் துரத்துபவருக்கு அது ஓயாத ஓட்டம். வாட்டர்ஃபாலில் அது மேலிருந்து கீழாக வளைந்திறங்கும் ஒரே கோடு. வகுப்பில் டாப்ளர் விளைவைப் படித்த மாணவருக்கு அந்தக் கோட்டைக் காட்டினால் வேறு விளக்கம் வேண்டாம். 2005 மே 5 அன்று இஸ்ரோ ஏவி, 2014 ஜூலை வரை உழைத்த ஹாம்சாட் செயற்கைக்கோளில், தரையிலிருந்து வரும் குரலைத் திருப்பி அனுப்பும் அறுபது கிலோஹெர்ட்ஸ் அகல டிரான்ஸ்பாண்டரில் தன் குரலையே தேடித் திரிந்தவர்களுக்கு, பட்டை முழுவதும் தெரிவதன் அருமை புரியும்.

ஆகவே செய்யக்கூடியது இது. ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு முறை, மழை ஓய்ந்து தைப் பனி விழும்போது ஒரு முறை, கோவளம், முட்டுக்காடு, தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், உள்ளே திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று இடம் குறித்து, உரிமம் பெற்ற ஹாம்களும் மாணவர்களும் 40 மீட்டர் பட்டையின் வாட்டர்ஃபாலைப் பத்துப் பத்து நிமிடம் பதிவு செய்ய வேண்டும். விடியற்காலை ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே நீளக் கம்பி, ஒரே உயரம், ரிசீவரில் ஒரே அமைப்பு. தானாக அளவை ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரிடத்துப் படத்தை இன்னோரிடத்துப் படத்தோடு ஒப்பிட முடியாது. தரை தூக்கியிருக்கும் இடங்களின் மின்கம்ப எண்களைக் குறித்து மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் கொடுக்கலாம். பொறி பறக்கும் பீங்கான் எங்களுக்கு இரைச்சல். அவர்களுக்கு அது அடுத்த புயலில் முதலில் அறுந்து விழக்கூடிய கம்பி.