நூற்புக் கதிர்: மறந்துபோன ஒரு கைக்கருவியின் வரலாறும் பொருளும்

மருதமுனை என்றதும் கைத்தறி நினைவுக்கு வராதோர் நமது பிரதேசத்தில் இல்லை எனலாம். அக்கரைப்பற்று முதல் மருதமுனை வரையான கரையோர ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அறிந்த உடை மருதமுனைச் சாரமும் சேலையுமாகும். தறியைப் பற்றிப் பேசுகின்றோம். நெசவாளரைப் பற்றியும் பேசுகின்றோம். ஆனால் தறிக்கும் முன்னோடியான ஒரு கருவியை நாம் ஏறத்தாழ முற்றாகவே மறந்துவிட்டோம். பஞ்சை நூலாக்கும் நூற்புக் கதிரே அக்கருவி. தக்ளி என்ற பெயராலும் இது அறியப்படும்.

ஒரு சாண் அளவான மெல்லிய குச்சி. அதன் கீழ்ப்பகுதியில் செருகப்பட்ட, நடுவில் துளையுள்ள மண் வில்லை. இவ்வளவே அக்கருவி. அந்த வில்லையைத் தொல்லியலாளர் தக்களி என அழைப்பர். பருத்தி இழை ஒவ்வொன்றும் ஓர் அங்குல அளவினதே. தனித்து நின்றால் ஊதினாலே பறந்துவிடும். ஒரு கையால் பஞ்சை மெல்ல இழுத்து, மறு கையால் கதிரைச் சுழற்றும்போது இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கேறுகின்றன. பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. முறுக்கு ஒன்றே வலுவற்ற இழைகளை அறுக்க முடியாத நூலாக்குகின்றது. வில்லையின் பாரம் சுழற்சி விரைவில் ஓய்ந்துவிடாது காக்கின்றது. நூல் மெல்லியதாக வேண்டுமாயின் வில்லையும் இலேசானதாக இருத்தல் வேண்டும்.

இக்கருவியின் தொன்மை வியப்புக்குரியது. குச்சி மண்ணில் மக்கிப் போனாலும் சுட்ட மண்ணாலான தக்களி அழிவதில்லை. சிந்துவெளி நகரங்களில் தக்களிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தமிழகத்தில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலிலும் வைகைக் கரைக் கீழடியிலும் அவை அகழ்ந்தெடுக்கப்பட்டன. கீழடி பற்றிய தமிழகத் தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, தக்களிகளுடன் எலும்பாலான கூர்முனைக் கருவிகளையும் தறியில் தொங்கவிடும் கற்களையும் நெசவுத் தொழிலுக்குச் சான்றாகக் காட்டியது.

நமது நாட்டின் பழங்கதையும் இக்கருவியுடனேயே ஆரம்பமாகின்றது. விஜயனின் ஆட்கள் இலங்கையில் கரையிறங்கியபோது, குவேனி ஒரு மரத்தடியில் தவப்பெண்ணின் கோலத்தில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என மகாவம்சம் கூறுகின்றது. இக்கதையின் வரலாற்று உண்மை வேறு விடயம். ஆனால் இந்நாட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணை முதன்முதலில் அறிமுகப்படுத்த வந்த ஆசிரியருக்கு நூற்கும் கோலமே இயல்பாகத் தோன்றியது என்பது நோக்கற்பாலது.

தமிழ் இலக்கியத்திலும் நூற்றல் பெண்களின் தொழிலாகவே காட்சி தருகின்றது. புறநானூறு கூறும் பருத்திப் பெண்டு சிறு விளக்கொளியில் இரவிலும் பஞ்சுடன் உழைப்பவள். ஆண் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணை பேசுகின்றது. கணவனை இழந்தவளுக்கும் ஆதரவற்றவளுக்கும் பிறர் கையை எதிர்பாராது வாழ வழிசெய்த கருவி இது. முதலீடு வேண்டியதில்லை, வீட்டை விட்டு வெளியேற வேண்டியதுமில்லை.

நமது மொழியின் ஆழத்திலும் இக்கருவி தன் சுவட்டைப் பதித்துள்ளது. பஞ்சிலிருந்து பெறப்படும் இழையும் நூல். அறிஞர் இயற்றும் புத்தகமும் நூல். பனுவல் என்ற சொல்லுக்கும் இவ்விரு பொருள்களும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பவணந்தி முனிவர் தமது நன்னூலின் பாயிரத்தில் இதற்கு விளக்கம் தருகின்றார். அவர் பார்வையில் சொற்களே பஞ்சு. புலவனே நூற்கும் பெண். அவனது வாயே அவளது கை. அவனது மதியே கதிர். சிதறிக் கிடக்கும் சொற்களை முறுக்கிப் பொருளுள்ள ஒன்றாக்குவது அறிவு என்பதை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

அரபு மொழியில் நூற்பவரைக் கஸ்ஸால் என்பர். இமாம் கஸ்ஸாலியின் பெயர் இத்தொழிலின் வழி வந்தது என ஒரு சாராரும், ஊர்ப்பெயரின் வழி வந்தது என மற்றொரு சாராரும் கூறுவர். எவ்வாறாயினும் இஸ்லாமிய உலகில் நூற்றல் எவ்வளவு பரவலாக அறியப்பட்ட தொழில் என்பதற்குத் திருக்குர்ஆனே சான்றாகும். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனம், செய்துகொண்ட உடன்படிக்கையை முறிப்போருக்கு ஒரு பெண்ணை உவமையாகக் காட்டுகின்றது. உறுதியாக நூற்று முடித்த நூலைத் தானே பிரித்துச் சிதைத்தவள் அவள். நூற்பதற்கு நெடுநேரம் வேண்டும். முறுக்கைக் கழற்றச் சில கணங்கள் போதும். மனிதர்க்கிடையிலான நம்பிக்கையும் அத்தகையதே என்பதை, கதிரைக் கையில் பிடித்த எவரும் உடனே உணர்ந்திருப்பர்.

நூற்றல் பெண்களின் கையில் இருந்தமையால், தாய்வழி உறவைக் குறிக்கவும் அது பயன்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரசரான அல்பிரட் தமது உயிலில் தந்தைவழியை ஈட்டியின் பக்கம் எனவும், தாய்வழியைக் கதிரின் பக்கம் எனவும் குறிப்பிட்டார். இது அக்கரைப்பற்று வாசகருக்குப் புதுமையாக இராது. ஏனெனில், தாய்வழியாக வரும் குடி முறை இப்பிரதேசத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. மகளுக்கே வீடு என்ற வழக்கமும் அவ்வாறே. மதத்தால் வேறுபட்ட இரு சமூகங்களும் கதிரின் பக்கத்தில் ஒரே மரபைப் பேணி வந்துள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

கதிரின் அடுத்த கட்ட வளர்ச்சியே இராட்டை. கதிரைப் படுக்கையாகக் கிடத்தி, ஒரு பெரிய சக்கரத்துடன் கயிற்றால் இணைத்தனர். சக்கரம் ஒரு முறை சுழலும்போது கதிர் பல முறை சுழலும். சர்க்கா என்ற பெயரே சக்கரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியாவில் இராட்டையைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல்களில் ஒன்று, 1350ஆம் ஆண்டளவில் இஸாமி பாரசீக மொழியில் எழுதிய வரலாற்றுக் காவியமாகும். ஆயினும் உலகப் புகழ்பெற்ற டாக்கா மஸ்லினின் அதிநுண்ணிய நூல் இராட்டையில் நூற்கப்பட்டதன்று. ஊசி போன்ற இரும்புக் கதிரின் நுனியைச் சிப்பி ஓட்டில் ஊன்றி, ஈரக்காற்று உள்ள அதிகாலையிலும் மாலையிலும் பெண்கள் அதனை நூற்றனர்.

1764ஆம் ஆண்டளவில் ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தால் பல கதிர்களைச் சுழற்றும் பொறியை இங்கிலாந்தில் அமைத்தார். அதனைத் தொடர்ந்த ஆலைப் பெருக்கம் இந்திய நூற்போரின் வாழ்வை அழித்தது. அதற்கு எதிரான அடையாளமாகவே காந்தியடிகள் இராட்டையைக் கையில் எடுத்தார். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்ததன் நோக்கமும் கதர் நிதி திரட்டுவதே. யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களில் அவர் உரையாற்றினார். இன்றைய நூற்பாலையிலும் அடிப்படைக் கருவி கதிரே. ஆலையின் அளவைக் கூறுவதும் கதிர்களின் எண்ணிக்கையாலேயே.

இந்த வரலாறு நமக்கு வெறும் பழங்கதையன்று. நமது கைத்தறியின் பலமும் பலவீனமும் இதிலேயே அடங்கியுள்ளன. நெய்யும் கை நம்முடையது, நூல் நம்முடையதன்று. நமது தறிகளுக்கான பருத்தி நூல் பெரும்பாலும் கடல் கடந்து வருகின்றது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கை மலிவான இறக்குமதித் துணிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்து கைத்தறியை நலிவடையச் செய்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மருதமுனையைச் சிதைத்தது. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி, மூலப்பொருளுக்குப் பிறரை நம்பிய தொழில்களின் நிலையை மீண்டும் உணர்த்தியது. கையால் நூற்று ஒரு தொழிற்துறையை நிமிர்த்திவிட முடியும் என எவரும் கூறமாட்டார். எனினும், நூல் எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வியை எழுப்பாமல் நெசவின் எதிர்காலத்தைத் திட்டமிடுவது அடித்தளமின்றி வீடு கட்டுவதற்கு ஒப்பாகும்.

குறைந்தபட்சம், இக்கருவி பற்றிய அறிவேனும் அழியாது காக்கப்படல் வேண்டும். பழைய வீடுகளில் கதிரோ இராட்டையோ எஞ்சியிருப்பின் பாடசாலைகள் அவற்றைச் சேகரித்துக் காட்சிக்கு வைக்கலாம். நூற்றல் பற்றி முதியோர் அறிந்தவற்றை மாணவர்கள் கேட்டுப் பதிவு செய்யலாம். ஒரு குச்சியும் களிமண் வில்லையும் இருந்தால் எந்த வகுப்பறையிலும் நூற்றுக் காட்டலாம். செலவு ஏதுமற்ற பாடம் இது.

அப்பாடத்தில் மற்றொன்றும் அடங்கியுள்ளது. நூற்கும்போது நூல் அறுந்துவிட்டால் அனுபவமுள்ளவர் முடிச்சிடுவதில்லை. அறுந்த இரு முனைகளையும் சற்றே பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, மீண்டும் முறுக்குவர். இணைந்த இடம் பின்னர் கண்ணுக்குத் தெரியாது. 1985, 1990ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இக்கரையோரத்தின் தமிழ்-முஸ்லிம் உறவு அறுபட்ட இடங்கள் உண்டு. அவசரத்தில் இடப்பட்ட முடிச்சுகள் பல. அவை கையில் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இரு தரப்பும் தத்தம் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தாமல் எந்த நூலும் இணையாது. முன்னோரின் கதிர் இரு சமூகங்களுக்கும் விட்டுச்சென்ற பொதுப் பாடம் இதுவே.