தொலைக்காட்சி ஒளிபரப்பும் வீட்டுக் கணினிப் படியும்

ஏடு படியெடுப்போரால் நேரும் பிழைகளைச் சுவடி ஆராய்ச்சியில் பயின்றோர் நன்கறிவர். தொலைக்காட்சி ஒளிபரப்பை வீட்டுக் கணினியில் படியெடுக்குங்கால் அத்தகைய பிழை நேருமா என்பதையும், அப்படியை வைத்துக்கொள்ளும் உரிமை பார்ப்போர்க்கு உண்டா என்பதையும் அமெரிக்க நாட்டு நிலை கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முன்னைய ஒளிபரப்பு அனலாக் முறையினது. கணினியில் பொருத்திய டியூனர் அட்டை அதனை எண்களாக மாற்ற, அவ்வெண்களைச் சுருக்கி எழுத வேண்டியிருந்தது. கணினி வலு குறைந்ததாயின் இடையிடையே படங்கள் விடுபடும். 2009 ஆம் ஆண்டு சூன் 12 ஆம் நாளுக்குள் அந்நாட்டின் முழுத்திறன் நிலையங்கள் டிஜிட்டல் முறைக்கு மாறின. இம்முறையில் நிலையமே எம்பெக்-2 வடிவிற் சுருக்கி அனுப்புகின்றது. ஆன்டெனா வழிப் பெற்ற எண்களை மாற்றமின்றி வன்தட்டில் எழுதுதலே கணினியின் வேலை. ஓர் அலைவரிசை நொடிக்கு 19.39 மெகாபிட் சுமப்பதாகலின், அதனை முழுமையாக எழுத ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 8.7 ஜிகாபைட் இடம் வேண்டும். அலை நலிந்துழிச் சில பகுதிகள் சிதையும். அது செல்லரிப்பை ஒப்பதேயன்றி எழுதுவோன் பிழையன்று. இடம் கருதி மீண்டும் சுருக்குவோர் உளர். அவர்தம் படி மூலத்தினின்றும் விலகியது. ஆராய்ச்சியாளர் அதனை முதற்படியாகக் கொள்ளலாகாது.

இனி உரிமை பற்றிக் காண்போம். சோனி நிறுவனத்தின் வீடியோ கருவி பற்றிய வழக்கில், பின்னர்ப் பார்த்தற்பொருட்டு வீட்டிற் பதிவு செய்தல் நேரிய பயன்பாடே என 1984 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் அளவில் தீர்ப்பளித்தது. நெடுங்காலம் சேமித்து வைத்தலையும் அத்தீர்ப்பு ஒப்பியது என்பாரும் உளர். அது பொருந்தாது; மன்றம் எடுத்துக்கொண்டு முடிவு கூறியது பின்னர்ப் பார்த்தல் ஒன்றனையே.

2003 இல் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், ஒளிபரப்பில் இடப்படும் ஒரு குறிக்கு எல்லா வாங்கிகளும் கட்டுப்படவேண்டும் என விதித்தது. அமெரிக்க நூலகச் சங்கமும் பிறரும் வழக்காடினர். ஒளிபரப்புக்குப் பொருள் வேண்டிய நிறுவனத்தாரினும் நூலகத்தார் இதில் முன்னின்றமை நம்மனோர் கருதத்தக்கது. அலையைப் பெற்றபின் கருவி செய்வதனை ஆளும் அதிகாரம் ஆணையத்திற்கு இல்லையென 2005 மே மாதத்தில் மேல்முறையீட்டு மன்றம் அவ்விதியை நீக்கியது.

எனினும் வழக்கு மன்றத்தில் நீங்கிய தடை வேறு வழியிற் புகுந்துள்ளது. 2017 இல் ஆணையம் இசைவளித்த ஏ.டி.எஸ்.சி. 3.0 என்னும் புதிய முறையில் நிலையங்கள் பல தம் ஒளிபரப்பை மறைகுறியாக்கி அனுப்புகின்றன. அதனை எண் பிசகாது வன்தட்டில் எழுதிவைப்பினும், திறவுகோல் பெறாத கணினியால் ஒரு படத்தையேனும் காட்டவியலாது.