குற்றமற்றவள் கூண்டில் நிற்பதோ?

நியாயஸ்தலங்களில் பல்லாண்டு பழகியோர் ஒரு விந்தையைக் காணாதிருத்தல் இயலாது. அடித்தவனும், கொள்ளையிட்டவனும், பலாத்காரம் செய்தவனும் தம் குற்றத்தை மறுத்து நிமிர்ந்து நிற்பர். துன்பத்துக்கு ஆளானவளோ, “அவ்வழியே நான் சென்றிருக்கலாகாது, கூவியிருக்க வேண்டும், பிழை என்னுடையதே” என்று தலை கவிழ்ந்து நிற்பாள். வெளியே நடைபெறும் வழக்கு ஓராண்டிலோ பத்தாண்டிலோ ஒரு முடிவுக்கு வரும். அவள் உள்ளத்தே நடைபெறும் வழக்குக்கோ முடிவில்லை. அங்கே குற்றவாளியும் அவளே, சாட்சியும் அவளே, நீதிபதியும் அவளே. குற்றவாளிக்காகப் பேச ஒரு வக்கீல் மாத்திரம் இல்லை.

பயங்கர அனுபவத்தின் பின் மனிதர் படும் இவ்வேதனையை வைத்திய உலகம் ஒரு நோயென ஒப்புக்கொண்டது வெகு காலத்துக்கு முன்னன்று. முதல் உலக யுத்தத்தில் பீரங்கி முழக்கத்தால் நிலைகுலைந்த சிப்பாய்கள் பலருக்குக் கோழைகள் என்ற பட்டமே கிடைத்தது. ஓடிப்போனமை, கோழைத்தனம் முதலிய குற்றங்கள் சாட்டிப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற தன் படையினர் 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவருள் எத்தனை பேர் நோயாளிகளோ, யாரறிவார்! அமெரிக்க மனோவைத்திய சங்கம் 1980-ல் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்து, ‘பி.டி.எஸ்.டி.’ என்று பெயரிட்டது. ஆண்டு பல கழிந்த பின்னும் நடந்தது இப்பொழுதே நடப்பதுபோல் கண்முன் தோன்றுதல், உறக்கமின்மை, சிற்றொலிக்கும் திடுக்கிடுதல், அதனை நினைவூட்டும் இடத்தையும் மனிதரையும் பேச்சையும் விட்டு விலகுதல் ஆகியவை இதன் குறிகள். இவற்றுள் கடைசியிற் கூறியதே நோயை நிலைபெறச் செய்வது. விலகுந்தோறும் சிறிது ஆறுதல் உண்டாகிறது. அவ்வாறுதலுக்கு விலையாக, ‘பிழை என்னுடையதே’ என்னும் எண்ணம் எவராலும் சோதிக்கப்படாமலே வேரூன்றி விடுகிறது.

அவ்வெண்ணத்தைச் சோதனைக்கு இழுப்பதே ‘காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி’ எனப்படும் சிகிச்சை. நாம் அதனை எண்ணமும் நடத்தையும் திருத்தும் சிகிச்சை என்போம். 1960-களில் பிலடெல்பியா நகரில் ஆரோன் பெக் என்னும் வைத்தியர், மனச்சோர்வுற்றோரின் துயரத்துக்குப் பின்னே தாமாகவே எழும் சில எண்ணங்கள் இருப்பதைக் கண்டு, அவற்றை விசாரிக்கும் முறையை வகுத்தார். 1980-களின் இறுதியில் பாட்ரிஷியா ரெசிக் என்னும் அம்மையார், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கென அதிலிருந்து ஒரு தனி முறையை அமைத்தார். பெரும்பாலும் பன்னிரண்டு அமர்வுகளில் அது முடிந்துவிடும்.

அம்முறையின் போக்கு சட்டம் பயின்றோருக்கு மிகவும் பழக்கமானதாகவே தோன்றும். நடந்தது யாது, அதைப் பற்றி உன் எண்ணம் யாது, அவ்வெண்ணத்தால் எழுந்த உணர்ச்சி யாது என்று முதலில் மூன்றையும் தனித்தனியே பிரித்து வைக்கிறார்கள். பிறகு எண்ணத்தின்மீது விசாரணை தொடங்குகிறது. இதற்கு ருசு என்ன? எதிரான ருசு என்ன? நீ கண்டறிந்ததா, பிறர் சொல்லக் கேட்டதா? பின் விளைவை அறிந்த இன்றைய அறிவைக்கொண்டு அன்றைய உன்னை அளக்கிறாயா? சந்தைக்குப் போனவள் அவள்தான். ஆயின் தீங்கு செய்யும் எண்ணம் கொண்டிருந்தவன் யார்? செயலுக்கும் கருத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு கிரிமினல் சட்டத்தின் அரிச்சுவடி. அதனை நாம் திருடனுக்குக்கூட வழங்குகிறோம். துன்புற்றவள் தனக்குத் தானே வழங்கிக்கொள்வதில்லை.

“நீ குற்றமற்றவள், அம்மா” என்று வைத்தியர் சொல்லிவிட்டால் போதாதோ எனில், போதாது. உற்றார் நூறு முறை சொல்லியும் அது உள்ளே இறங்காமையாலன்றோ அவள் வந்திருக்கிறாள்! தன் கட்சிச் சாட்சியை முதல் விசாரணை செய்யும் வக்கீல் விடையைத் திணிக்கும் கேள்வி கேட்கலாகாதென்பது சாட்சியச் சட்டம். இச்சிகிச்சைக்கும் ஏறக்குறைய அதுவே விதி. விடை அவள் வாயிலிருந்தே வர வேண்டும். எல்லா எண்ணமும் பொய்யென்று தள்ளுவதும் இதன் நோக்கமன்று. உலகில் தீயோர் உளர் என்பது மெய். ஒருவரையும் நம்பலாகாது என்பது அம்மெய்யின்மேற் கட்டிய மிகை. அவ்விரண்டையும் பிரித்தறிவதே வேலை.

படித்த பணக்கார தேசத்தாருக்கே இது பொருந்தும் என்று சிலர் கருதினர். அவர்களுக்கு விடை கிழக்குக் காங்கோவிலிருந்து வந்தது. பெல்ஜிய மன்னன் லியோபோல்டு 1885 முதல் 1908 வரை சொந்தச் சொத்தாக வைத்து ரப்பருக்காகப் பிழிந்த பூமி அது. 1960-ல் சுதந்திரம் பெற்றும், 1996 முதல் யுத்தத்தின்மேல் யுத்தம் கண்டது. அங்கே பெண்கள்மீது பலாத்காரம் ஓர் ஆயுதமாகவே கையாளப்பட்டது. புகாவு நகரில் 1999-ல் பான்ஸி ஆஸ்பத்திரியைத் தொடங்கி, அவர்கள் உடற்புண்ணை ஆற்றிவந்த டெனிஸ் முக்வேகே 2018-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார்.

மனப்புண்ணை ஆற்றுவது எங்ஙனம்? 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 16 கிராமங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியில் 157 பெண்களுக்கு ஓர் அமர்வு தனியாகவும் பதினோர் அமர்வு கூட்டமாகவும் மேற்சொன்ன சிகிச்சை. மற்றதில் 248 பெண்களுக்கு வேண்டும்போது தனி ஆதரவு. சிகிச்சை நடத்தியோர் வைத்தியரல்லர். ஆரம்பப் பள்ளிக்கு மேல் நான்காண்டேனும் படித்த உள்ளூர்ப் பெண்கள். குறுகிய காலப் பயிற்சியும் இடைவிடாத மேற்பார்வையுமே அவர்களுக்குத் துணை. வந்தவர்களிலோ எழுத்தறியாதார் பலர். எழுதக் காகிதமும் அரிது. ஆகவே, அமெரிக்காவில் தாளில் எழுதிப் பழகும் பாடங்களை அங்கே மனப்பாடம் செய்யும் வண்ணம் மாற்றினர். காகிதமின்றியே கல்வி வளர்த்த தேசத்தார் நமக்கு இதில் வியப்பில்லை.

சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களுக்குப் பின் கணக்கெடுத்தனர். மனச்சோர்வோ பெருங்கலக்கமோ உடையோராக எண்ணத்தக்கவர், சிகிச்சை பெற்றவருள் 100-க்கு 71-லிருந்து 9 ஆகவும், ஆதரவு மட்டும் பெற்றவருள் 83-லிருந்து 42 ஆகவும் குறைந்தனர். பி.டி.எஸ்.டி.யிலும் விளைவு இவ்வாறே. இரு பகுதியினரும் தொடக்கத்தில் சரிசமமாக இல்லை என்பதையும், எல்லாப் பரிசோதனைக்கும் வந்தவர் முதற்பகுதியில் 100-க்கு 65, மற்றதில் 52 என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் வேற்றுமை சிறிதன்று.

இதனைக் கேட்டு, நீதிக்குப் பதில் சிகிச்சை என்று எந்த சர்க்காரும் கணக்கை முடித்துவிடலாகாது. 2025 ஜனவரியில் கோமா நகரும், பிப்ரவரியில் புகாவுவும் எம்-23 படையின் வசமாயின. வாசலில் துப்பாக்கி நிற்கையில் அஞ்சுவது நோயன்று. அதற்கு மருந்து மனோவைத்தியரிடம் இல்லை.

நம் வீட்டையும் சற்றுப் பார்ப்போம். ‘கற்பழிப்பு’ என்று பத்திரிகைகளாகிய நாமே நெடுநாள் எழுதிவந்தோம். அச்சொல் செய்தவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அழிந்தது அவளுடைய கற்பு என்று தீர்ப்பு மட்டும் சொல்கிறது. பிழை என்னுடையதே என்னும் எண்ணத்தை அவள் தானே கண்டுபிடிக்கவில்லை. மொழியே அவள் கையில் கொடுக்கிறது. பிறகு பன்னிரண்டு அமர்வில் அதனைப் பிடுங்க வேண்டியிருக்கிறது.

இந்திய சர்க்கார் 2015 முதல் ‘சகி’ மையங்களை நடத்திவருகிறது. கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு அங்கே போலீஸ் உதவி, வைத்தியம், சட்ட உதவி, தங்குமிடம், மன ஆலோசனை ஆகியன கிடைக்குமென்பது திட்டம். வைத்தியரல்லாத ஆலோசகர்களைப் பழக்கிக் கடும் மனச்சோர்வையும் தணிக்கலாமென்று கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் முதலியோர் நடத்திய சோதனை காட்டியிருக்கிறது. ஆகையால், ஆளில்லை என்னும் சமாதானம் செல்லாது. அம்மையங்களில் மன ஆலோசனை என்ற தலைப்பின்கீழ் நடப்பது யாது? ஆலோசகர்களுக்கு இம்முறை கற்பிக்கப்பட்டதா? அவர்களை மேற்பார்வை செய்வோர் யார்? ஒருத்தி எத்தனை அமர்வுக்கு வந்தாள், ஆறு மாதங்கழித்து எங்ஙனமிருக்கிறாள் என்ற கணக்கு எவரிடமேனும் உண்டா? சட்டசபை அங்கத்தினர்கள் வரும் கூட்டத்திலேயே இக்கேள்விகளைக் கேட்பார்களாக.