பாலம் எழுப்பிய பாவையர்

ஆற்றங்கரையிலே அகன்ற சாலை! ஆற்றின்மீது அழகுப் பாலங்கள்! இலண்டன் சென்று திரும்புவோர் தேம்ஸ் நதியைப் பற்றி இப்படித்தான் வியந்து கூறுவர். வியக்கட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால், அந்தச் சாலைக்கு அடியிலே ஓடுவது என்ன, அந்தப் பாலத்துக்குக் கல் சுமந்தவர் யார் என்று கேளாமல் திரும்புவானேன்?

1858-ம் ஆண்டுக் கோடையிலே தேம்ஸ் நாறிற்று. நகரத்துச் சாக்கடை அத்தனையும் ஆற்றிலே! ஏழையின் வீட்டிலே காலரா பலமுறை புகுந்தபோது அசையாத பாராளுமன்றம், தன் சாளரத்திலே நாற்றம் நுழைந்ததும் அசைந்தது. சில வாரங்களிலே சட்டம் பிறந்தது! பேசல்கெட் எனும் பொறியாளர் ஆற்றிலிருந்து நிலத்தை மீட்டார். அடியிலே கழிவுநீர்க் கால்வாயும் சுரங்க ரயிலும், மேலே சாலையுமாக அமைத்தார். 1870-ல் திறந்தார்கள். நடப்பவனிடம் காசு கேட்பார் இல்லை அங்கே.

பக்கத்துப் பாலத்திலே கேட்டார்கள்! 1817-ல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலம் தனியார் கம்பெனியின் சொத்து. நடந்து கடக்க ஒரு பென்னி. கூலி தேடிப் போகிறவன், கூலியைக் காணுமுன்பே பென்னியை எடுத்து வைக்கவேண்டும். இல்லையேல் காசில்லாப் பாலத்துக்குச் சுற்றி நடக்கவேண்டும். 1878-ல்தான், பாலம் பொதுச் சொத்தான பிறகு, அந்தச் சுங்கம் ஒழிந்தது.

தூண்கள் இறங்கி அந்தப் பாலம் பழுதாயிற்று. இடித்துப் புதிது கட்டிக்கொண்டிருந்தபோது, 1939-ல் போர் மூண்டது. ஆடவர் களம் சென்றனர். பெண்கள் பாலத்துக்கு வந்தனர். கல் தூக்கினர், காரை கலந்தனர், இரும்பைப் பற்றவைத்தனர். வானிலிருந்து விழுந்த குண்டு பாலத்தையும் தாக்கியது. வேலை நிற்கவில்லை!

1945 டிசம்பரில் அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் முறைப்படி திறந்துவைத்தார். கட்டிய ஆடவரை வாயாரப் புகழ்ந்தார். பெண்களை? ஒரு சொல் இல்லை! இத்தனைக்கும் அவர் தொழிற்கட்சிக்காரர், தொழிலாளரின் தோழர். சீமான் கட்சி மறந்திருந்தால் நாம் வியந்திருக்கமாட்டோம்.

மறக்காதிருந்தவர் தேம்ஸ் நதிப் படகோட்டிகள். பயணிகளை ஏற்றிக்கொண்டு பாலத்தருகே வரும்போதெல்லாம், "இது மாதர் பாலம்" என்று சொல்லிக்கொண்டே வந்தனர். கேட்டவர்களில் பலர் கட்டுக்கதை என்றே எண்ணினர். வேலைக்கு வந்த பெண்களின் பெயர்ப் பட்டியல் கிடைக்கவில்லை. ஆராய்ச்சியாளர் தேடி அலைந்தனர். பற்றவைக்கும் கருவியோடு நிற்கும் பெண்களின் புகைப்படங்கள் அகப்பட்டன. பாலம் திறந்து 70 ஆண்டு கழித்து, 2015-ல், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் அதிகாரப் பதிவேட்டிலே அவர்கள் உழைப்பும் இடம்பெற்றது.